சிமுலிங்க்ல படம் வரைஞ்சு கோட் எடுத்து ஸ்கூட்டர் ஓட்டுறோம் – மூணு வருஷம் யூஸ் பண்ணதுக்கப்புறம் ஒரு ரிவ்யூ

மூணு வருஷமா தெனமும் காலைல ஆபீஸ் வந்ததும் மொதல்ல ஓப்பன் பண்றது சிமுலிங்க் தான். கோயம்புத்தூர்ல ஒரு சின்ன கம்பெனி, மொத்தமே எட்டு பேர், எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு மோட்டார் கன்ட்ரோலர் பண்றோம். அதுக்கு முன்னாடி நாலஞ்சு வருஷம் நானே கைல சி கோட் எழுதிட்டு இருந்தவன். இப்ப எங்க ப்ராடக்ட்ல ஓடற லாஜிக்ல பாதிக்கு மேல நான் ஒரு வரி கூட டைப் பண்ணல, எல்லாம் படமா வரைஞ்சு அதுல இருந்து கோட் எடுத்தது. காலேஜ் ஜூனியர்ஸ், பம்பு கம்பெனில இருக்கற ஃப்ரெண்ட்ஸ்னு நெறைய பேரு "இது நெஜமா வேலைக்கு ஆகுமா, இல்ல பெரிய கார் கம்பெனிக்கு மட்டும் தானா"ன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன்ல சொல்றதுக்கு இங்கயே முழுசா எழுதிடறேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. சிமுலிங்க்ங்கறது மேட்லேப்ங்கற கணக்கு போடற சாஃப்ட்வேர் மேல ஓடற ஒரு டூல், ரெண்டுமே மேத்வொர்க்ஸோடது, கம்பெனி 1984ல ஆரம்பிச்சது, சிமுலிங்க் 90களோட ஆரம்பத்துல வந்துச்சு. கூட்டல், பெருக்கல், ஃபில்டர், பிஐ கன்ட்ரோலர் (கேட்டதுக்கும் வந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாத்து சரி பண்றது)னு எல்லாமே சின்ன சின்ன டப்பாவா இருக்கும், இழுத்து வெச்சு கோடு போட்டு இணைச்சா அது தான் ப்ரோக்ராம். "இப்ப இந்த நெலமைல இருக்கு, இது நடந்தா அந்த நெலமைக்குப் போ"ங்கற மாதிரி லாஜிக்குக்கு ஸ்டேட்ஃப்ளோன்னு இன்னொண்ணு. வரைஞ்சதை அப்படியே கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாக்கலாம். எல்லாம் சரியா வந்தா எம்பெடட் கோடர்னு ஒரு டூல் அந்தப் படத்தை சி கோடா மாத்திக் குடுக்கும், அதை கம்பைல் பண்ணி சிப்ல ஏத்திடலாம். இந்த முறைக்கு மாடல் பேஸ்டு டிசைன்னு பேரு, கார் கம்பெனிங்க ரொம்ப வருஷமா இப்படித் தான் பண்றாங்க.

இப்ப எங்க வேலைக்கு வரேன், ஏன்னா அதைச் சொன்னா தான் இந்த டூல் எங்க கை குடுக்குது எங்க கால வாருதுன்னு புரியும். ஸ்கூட்டர் வீல்ல இருக்கற பிஎல்டிசி மோட்டார்ல (ப்ரஷ் இல்லாத மோட்டார்) மூணு ஹால் சென்சார் இருக்கும், மோட்டார் எந்தப் பொசிஷன்ல நிக்குதுன்னு சொல்றது, ஒவ்வொண்ணும் 0 இல்ல 1 குடுக்கும். மொத்தம் எட்டு காம்பினேஷன், அதுல ஆறு தான் நெஜமா வரக்கூடியது, 000மும் 111மும் வந்துச்சுன்னா வயர் அறுந்திருக்கு இல்ல சென்சார் போயிருக்குன்னு அர்த்தம். அந்த ஆறுல எது வந்திருக்குன்னு பாத்து மோட்டாரோட மூணு ஃபேஸ் வயர்ல எந்த ரெண்டுக்கு கரண்ட் விடணும்னு முடிவு பண்றது தான் கம்யூட்டேஷன். அது கூட ஈஸி. கஷ்டம் எல்லாம் த்ராட்டில்ல தான். த்ராட்டிலுக்கு மூணு வயர், செவப்பு 5 வோல்ட், கருப்பு கிரவுண்ட், மூணாவது சிக்னல். சும்மா விட்டா சுமார் 0.8 வோல்ட் வரும், முழுசா முறுக்குனா 4.2 பக்கம் வரும். இதுல கருப்பு வயர் மட்டும் அறுந்துச்சுன்னு வைங்க, சிக்னல் மேல ஏறி 5 வோல்ட் கிட்ட போய் நின்னுக்கும், கவனிக்காத கன்ட்ரோலர் அதை முழு த்ராட்டில்னு எடுத்துக்கும், வண்டி தானா பாயும். ஓட்டறவங்க கைல ஒண்ணுமே இல்ல. அதனால 4.5 வோல்ட்டுக்கு மேல வந்தா பழுதுன்னு எடுத்துக்கணும், பிரேக் புடிச்சா த்ராட்டில் என்ன சொன்னாலும் கேக்கக் கூடாது, சாவி போடும்போதே த்ராட்டில் முறுக்கி இருந்தா அதை விட்டப்புறம் தான் வண்டி நகரணும், இப்படி ஒவ்வொண்ணா சேத்துட்டே போகணும்.

இதை எல்லாம் நான் மொதல்ல சி-ல தான் எழுதி வெச்சிருந்தேன். ஒவ்வொரு நெலமைக்கும் ஒரு ஃப்ளாக். பிரேக் ஃப்ளாக், த்ராட்டில் ஓகே ஃப்ளாக், ஸ்டார்ட் லாக் ஃப்ளாக், ஹால் எரர் ஃப்ளாக்னு பத்து பதினஞ்சு வந்துடுச்சு, ஒரு இஃப்குள்ள இன்னொரு இஃப், அதுக்குள்ள இன்னொண்ணு. எழுதுன எனக்கே ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா ரெண்டு மணி நேரம் ஆகும் புரிய. வேற யாராலயும் அதைத் தொட முடியாது. அப்ப தான் ஓனர் லைசன்ஸ் வாங்கிக் குடுத்தாரு, ஸ்டேட்ஃப்ளோல அதையே திரும்ப வரைஞ்சேன். காத்திருப்பு, ரெடி, ஓட்டம், பழுதுன்னு நாலு டப்பா, நடுவுல அம்புக்குறிங்க. ஸ்டேட் பேரெல்லாம் இங்கிலீஷ் எழுத்துல தான் வெக்கணும், கோட்ல அதே பேரு வரணும்ல, ஆனா பக்கத்துல குறிப்பு தமிழ்லயே எழுதலாம், நான் எழுதிடுவேன்.

இங்க ஒரு விஷயம் நடந்துச்சு, இந்த டூலைப் பத்தி எனக்கு இருக்கற அபிப்ராயமே அன்னைக்கு தான் உருவாச்சு. எங்ககிட்ட மோட்டார் வைண்டிங் பாக்கற ஒரு அண்ணன் இருக்காரு, முப்பது வருஷம் பம்பு மோட்டார் கட்டினவரு, கம்ப்யூட்டர் பக்கம் வரவே மாட்டாரு. ஒரு நாள் டீ எடுத்துட்டு வந்தவரு ஸ்க்ரீனைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு. சிமுலேஷன் ஓடும்போது எந்த ஸ்டேட்ல இருக்கோ அந்த டப்பா நீலமா எரியும், த்ராட்டிலுக்கு நான் ஒரு ஸ்லைடர் வெச்சிருந்தேன், அதை அவர் கைல குடுத்தேன். இழுத்து இழுத்துப் பாத்தாரு. டப்பா மாறி மாறி எரியறதைப் பாத்துட்டே "இது என்னங் தம்பி, இது என்னங் தம்பி"ன்னு ஒவ்வொண்ணா கேட்டாரு, நானும் சொன்னேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு விரல வெச்சுக் காமிச்சாரு.

"ஏனுங் தம்பி, சாவி போட்டு நிக்கறப்ப கருப்பு வயரு போச்சுன்னா பழுதுக்குப் போவுது, சரி. வண்டி ஓடிட்டு இருக்கறப்ப போச்சுன்னா? இந்த டப்பால இருந்து அங்க கோடே இல்லீங்களே?"

நெஜமாவே இல்ல. ரெடில இருந்து பழுதுக்கு கோடு போட்டிருந்தேன், ஓட்டத்துல இருந்து போட மறந்துட்டேன். பழைய சி கோட்ல போய்ப் பாத்தேன், அங்கயும் அதே ஓட்டை தான், அது எத்தன மாசமா அப்படியே கெடந்துச்சோ, நாலு இன்ஜினியர் ரிவ்யூ பண்ணிக் கையெழுத்துப் போட்ட கோட் அது. சி கோடைப் ப்ரிண்ட் எடுத்து அந்த அண்ணன் முன்னாடி வெச்சிருந்தா அவரு என்ன பண்ணியிருப்பாரு? ஆனா வயரு ரோட்டுல குழில எறங்கறப்ப தான் அறுக்கும், நிக்கறப்ப அறுக்காதுங்கறது எங்க எல்லாரையும் விட அவருக்குத் தான் தெரியும். மெஷினைத் தெரிஞ்ச ஆளு சாஃப்ட்வேரைப் படிக்க முடியுது. எனக்கு இந்த டூல்ல இது தான் பெருசு, ஆட்டோமேட்டிக்கா கோட் வருதுங்கறது எல்லாம் இதுக்கு அப்புறம் தான்.

அதை சரி பண்ணின விதமும் சொல்லணும். ஓட்டத்துல இருந்து இன்னொரு கோடு போட்டிருந்தா அன்னைக்கு வேலை முடிஞ்சிருக்கும், ஆனா நாளைக்கு ரிவர்ஸ்னு ஒரு ஸ்டேட் சேத்தா அங்கயும் மறப்பேன். ஸ்டேட்ஃப்ளோல டப்பாவுக்கு வெளிய பெரிய டப்பா போடலாம். ரெடி, ஓட்டம் ரெண்டையும் சுத்தி ஒரு பெரிய டப்பா போட்டு, அந்தப் பெரிய டப்பாவோட ஓரத்துல இருந்து பழுதுக்கு ஒரே ஒரு அம்புக்குறி. உள்ள எந்த ஸ்டேட்ல இருந்தாலும் சரி, புதுசா எது சேத்தாலும் சரி, 4.5 தாண்டுனா நேரா பழுது. ஆறு மாசம் கழிச்சு ரிவர்ஸ் சேத்தோம், அந்தப் பாதுகாப்புக்காக ஒண்ணுமே பண்ண வேண்டி வரல. அந்த சார்ட்டை ஏ3ல ப்ரிண்ட் போட்டு அசெம்ப்ளி டேபிள் மேல செவுத்துல ஒட்டி வெச்சிருக்கோம், அண்ணன் செவப்பு பேனால ரெண்டு எடத்துல வட்டம் போட்டு வெச்சிருக்காரு, அது ரெண்டும் அடுத்த வெர்ஷனுக்கு.

சரி, வர்ற கோட் எப்படி இருக்கும்? நல்லா இருக்கும், உண்மையாவே. இனிஷியலைஸ்னு ஒரு ஃபங்ஷன், ஸ்டெப்னு ஒரு ஃபங்ஷன், இது ரெண்டு தான் நமக்கு முக்கியம், முதல்ல ஒரு தடவை இனிஷியலைஸ் கூப்பிடணும், அப்புறம் டைமர் இன்டரப்ட்ல ஸ்டெப்பைக் கூப்பிட்டுட்டே இருக்கணும். இன்புட் அவுட்புட் எல்லாம் தனித்தனி ஸ்ட்ரக்சர்ல வந்துடும். ஸ்டேட்ஃப்ளோ சார்ட் சாதாரண ஸ்விட்ச் கேஸா தான் மாறும், படிச்சாப் புரியும். எனக்குப் புடிச்சது என்னன்னா கோட் ரிப்போர்ட்ல ஒரு வரியை க்ளிக் பண்ணினா படத்துல எந்த டப்பால இருந்து அது வந்துச்சோ அந்த டப்பா கலர்ல தெரியும், டப்பால இருந்தும் அந்த சி வரிக்குப் போகலாம். டீபக்கர்ல எங்கயாவது நின்னா அந்த வரியை ரிப்போர்ட்ல தேடி ரெண்டு க்ளிக்ல படத்துக்குப் போயிடுவேன். மிஸ்ரா சி ரூல்ஸுக்கு (சி-ல பாதுகாப்பா கோட் எழுதறதுக்கான விதிகள்) ஏத்த மாதிரி செட்டிங்ஸை மாத்திக்குடுக்கற அட்வைசரும் உள்ளயே இருக்கு, கைல எழுதறப்ப ஒவ்வொரு வாட்டியும் அதுக்குன்னு ஒரு வாரம் போகும்.

ஆனா ஒரு பொறி இருக்கு, புதுசா வர்றவங்க எல்லாரும் அதுல விழறாங்க, நானும் விழுந்தேன், அதனால கொஞ்சம் வெவரமா சொல்றேன். எங்க சிப் கார்டெக்ஸ் எம்4, 72 மெகாஹெர்ட்ஸ். அதுல புள்ளி வெச்ச நம்பர் கணக்கைப் போடற ஃப்ளோட்டிங் பாயிண்ட் யூனிட் இருக்கு, ஆனா சிங்கிள் ப்ரிசிஷனுக்கு (32 பிட் நம்பர், டபுள்னா 64 பிட்) மட்டும் தான். டபுள்ல கணக்கு வந்துச்சுன்னா ஹார்டுவேர் பண்ணாது, லைப்ரரி ஃபங்ஷன் தான் பொறுமையா பண்ணும். எங்க பிடபிள்யூஎம் (மோட்டாருக்குப் போற கரண்டை வேகமா ஆன் ஆஃப் பண்ணிக் கட்டுப்படுத்தறது) 20 கிலோஹெர்ட்ஸ், அதாவது 50 மைக்ரோ செகண்டுக்குள்ள கரண்டை அளந்து சரி பண்ற கரண்ட் லூப் முழுசும் முடிஞ்சாகணும். ஒரு நாள் டிகிரில இருந்து ரேடியனுக்கு மாத்தறதுக்காக 0.01745ன்னு ஒரு கான்ஸ்டன்ட் டப்பா போட்டேன். அவ்ளோ தான். சிமுலேஷன்ல எல்லாம் சூப்பர். போர்டுல ஏத்துனா மோட்டார் கொரகொரன்னு சத்தம் போடுது, ஸ்டெப் 50 மைக்ரோ செகண்டைத் தாண்டிப் போகுது. ரெண்டு நாள் கரண்ட் சென்சார்லயும் வயரிங்லயும் தேடினேன். கடைசில லிங்க்கர் குடுக்கற மேப் ஃபைலைத் தெறந்தா டபுள் பெருக்கலுக்கான லைப்ரரி ஃபங்ஷன் உள்ள வந்து ஒக்காந்திருக்கு, நான் எங்கயுமே டபுள் யூஸ் பண்ணலையேன்னு திரும்பப் போனா, அந்த ஒரு கான்ஸ்டன்ட். மேட்லேப்ல சும்மா ஒரு நம்பர் அடிச்சா அது டபுள் தான், சிமுலிங்க்ல அந்த டபுளை சிங்கிளோட பெருக்குனா விடையும் டபுள், அது அடுத்த டப்பாவுக்குப் போய், அங்க இருந்து அதுக்கடுத்ததுக்குப் போய், பின்னாடி வர்ற மொத்த வரிசையும் டபுள் ஆயிடுச்சு. அந்த ஒரு டப்பால டைப்பை சிங்கிள்னு மாத்தினேன், சத்தம் நின்னுடுச்சு. அன்னைலேருந்து எங்க டீம்ல ரூல், படத்துல டேட்டா டைப்பைக் கோடு மேல காட்டற ஆப்ஷன் எப்பவும் ஆன்ல இருக்கணும், டபுள்னு எங்க தெரிஞ்சாலும் ரிவ்யூ பாஸ் கெடையாது. டைப் குறிப்பிடாத எடத்துக்கு டீஃபால்ட்டா சிங்கிள் எடுத்துக்கோன்னும் ஒரு செட்டிங் இருக்கு, அதையும் மாத்தி வெச்சுட்டோம், ஆனா கான்ஸ்டன்ட்ல நாமளா குடுக்கற நம்பருக்கு அது போதாது, கண்ணால பாக்கணும்.

டெஸ்டிங் பக்கம் இந்த டூல் கூட்டிட்டுப் போற வரிசை எனக்கு ரொம்பப் புடிக்கும். மொதல்ல படத்தையே ஓட்டறது, அது மில். அப்புறம் அதுல இருந்து வந்த சி கோடை நம்ம லேப்டாப்லயே கம்பைல் பண்ணி அதே இன்புட்டைக் குடுத்து ரெண்டு விடையும் ஒண்ணான்னு பாக்கறது, அது சில். அதுக்கப்புறம் நெஜ சிப்லயே ஓட்டறது பில், கடைசியா கன்ட்ரோலர் போர்டு முழுசையும் வெச்சு மோட்டாருக்குப் பதிலா சிமுலேட்டரை இணைக்கறது ஹில். எங்களுக்கு ஹில் வாங்கற அளவுக்கு வசதி இல்ல, பில் வரைக்கும் பண்றோம், அப்புறம் நேரா டெஸ்ட் பெஞ்ச் தான்.

சில் டெஸ்ட் வரைக்கும் வந்து ஒரு பெரிய தப்பு மாட்டுச்சு. த்ராட்டில் வோல்ட்டை நம்பரா மாத்தற ஏடிசி 12 பிட், அதிகபட்சம் 4095. நடுக்கம் இல்லாம இருக்கறதுக்கு எட்டு ரீடிங்கைக் கூட்டி சராசரி எடுத்துட்டு இருந்தோம், கூட்டுத்தொகை 16 பிட் இன்டிஜர்ல. எட்டு தடவை 4095ன்னா 32760, 16 பிட் சைன்டு இன்டிஜருக்கு எல்லை 32767, மயிரிழைல தப்பிச்சிருந்தது யாருக்குமே தெரியல. கூட வேலை செய்யற பையன் இன்னும் ஸ்மூத்தா இருக்கட்டும்னு எட்டைப் பதினாறாக்குனான். இப்ப அதிகபட்சம் 65520 வரைக்கும் வரலாம், முழு த்ராட்டில்லயே எல்லை தாண்டி மைனஸ்ல போயிடும். மில்ல ஏன் தெரியலன்னா எங்க டெஸ்ட் சிக்னல் பாதி த்ராட்டிலுக்கு மேல போகவே இல்ல, பாதில பதினாறு ரீடிங் கூட 32752 தான் வரும், எல்லைக்குள்ள. அவினாசி ரோட்டுல வண்டி ஓட்டி ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்த டேட்டாவை சில்ல போட்டப்ப தான் முழு த்ராட்டில்ல வேகம் கேக்கறது டக்குன்னு மைனஸ் ஆச்சு. டூல் இதுக்கு வார்னிங் குடுக்கும், எண் சுத்திக்கிட்டா வார்னிங்கா எர்ரரான்னு செட்டிங்ல மாத்தலாம், டீஃபால்ட் வார்னிங் தான். மொத நாளே அதை எர்ரரா மாத்திடுங்க. டெஸ்ட் எந்தெந்தப் பாதையை எல்லாம் தொட்டுச்சுன்னு கவரேஜ் ரிப்போர்ட் தர்ற டூல்பாக்ஸ் தனியா இருக்கு, அதை நாங்க அப்புறம் தான் வாங்கினோம், முன்னாடியே வாங்கியிருக்கணும்.

இப்ப டெப்ளாய்மென்ட். டெமோ வீடியோல பட்டனை அமுக்குனா போர்டுல ஏறி லைட் எரியும், நெஜத்துலயும் நியூக்ளியோ மாதிரி டெவலப்மென்ட் போர்டு, அர்டுயினோ, ராஸ்பெர்ரி பை இதுக்கெல்லாம் சப்போர்ட் பேக்கேஜ் இருக்கு, அப்படியே ஏறும். ஆனா விக்கற ப்ராடக்ட்டுக்கு அப்படிப் பண்ண மாட்டோம். ஏடிசி எப்ப எடுக்கணும், பிடபிள்யூஎம்மோட எந்தப் புள்ளில எடுக்கணும், ஓவர் கரண்ட் வந்தா ஹார்டுவேரே எப்படி கட் பண்ணணும், வாட்ச்டாக், பூட்லோடர், இதெல்லாம் இன்னமும் கைல எழுதுன சி தான், மாடல்ல இருந்து வந்தது நடுவுல ஒக்காந்திருக்கும். இதை ஒரு குறையா நான் பாக்கல, எது மாடல்ல இருக்கணும் எது கைல இருக்கணும்னு மொதல் வாரமே கோடு கிழிச்சுட்டா போதும். எம்பெடட் கோடர் ஒரு உதாரண மெயின் ஃபைல் குடுக்கும், அதுல ஒரு ஸ்டெப் முடியறதுக்குள்ள அடுத்தது வந்துட்டா கண்டுபுடிக்க ஓவர்ரன் ஃப்ளாக் ஒண்ணு இருக்கும், நெறைய பேரு அந்த ஃபைலைத் தூக்கிப் போட்டுட்டு சொந்தமா மெயின் எழுதறப்ப அந்த ஃப்ளாக்கையும் விட்டுடறாங்க, விடாதீங்க.

டெப்ளாய் பண்ணதுக்கப்புறம் எனக்கு ரொம்ப ஒத்தாசையா இருக்கறது மானிட்டர் அண்ட் ட்யூன். சிப்ல கோட் ஓடிட்டு இருக்கும்போதே லேப்டாப்ல அதே படத்துல கெயினை (கன்ட்ரோலர் எவ்ளோ பலமா சரி பண்ணணும்ங்கற நம்பர்) மாத்தலாம், மாத்துன அடுத்த நொடி மோட்டார்ல தெரியும், கரண்ட் கிராஃப் பக்கத்துலயே ஓடும். முன்னாடி பிஐ கெயின் ஒண்ணு மாத்தணும்னா நம்பரை மாத்து, கம்பைல் பண்ணு, ஏத்து, ஓட்டுன்னு ஒரு தடவைக்கு நாலஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு அம்பது தடவை. இப்ப பெஞ்ச்ல வீலை லோடுல சுத்த விட்டுட்டு ஒரு டீ குடிக்கற நேரத்துல கெயின் புடிச்சுடுவேன். ஒண்ணு மட்டும், புடிச்ச நம்பரை ஒடனே மாடலோட நம்பரை எல்லாம் சேத்து வெக்கற டேட்டா டிக்ஷனரில எழுதிடுங்க, இல்லன்னா பவர் ஆஃப் பண்ணதும் போயிடும்.

மாடல்ல வேலை செய்யறதுக்கு ஒரு ஒழுக்கம் வேணும், அது இல்லாம இந்த டூலை வாங்கினா காசு வீண். படம் தான் மூலம், கோட் வெறும் நகல். எங்க கன்ட்ரோலரை வாங்கற ஒரு வண்டிக் கம்பெனில, பேரு வேண்டாம், எறக்கத்துல பேட்டரிக்குத் திரும்பப் போற கரண்ட் அதிகமா இருக்குன்னு சொன்னாங்க. அவசரம்னு அவங்க இன்ஜினியர் நாங்க குடுத்த சி ஃபைல்லயே ஒரு நம்பரைக் கொறைச்சு அங்கயே பில்ட் பண்ணி ஏத்திட்டாரு, வேலையும் செஞ்சுது, எங்ககிட்ட சொல்லல. ரெண்டு மாசம் கழிச்சு நாங்க வேற ஒரு மாத்தத்துக்காக மாடல்ல இருந்து புதுசா கோட் எடுத்து அனுப்பினோம், அவரு மாத்துன நம்பர் அதுல எங்க இருக்கும்? பழைய பிரச்சினை முப்பது வண்டில திரும்ப வந்துச்சு, பேட்டரி பேக் கட் ஆகி வண்டி எறக்கத்துல நின்னுச்சுன்னு போன் மேல போன். யாருக்கும் அடிபடல, அது ஒண்ணு தான் நிம்மதி. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஜெனரேட் பண்ண ஃபைலோட தலைலயும் "இதைக் கைல மாத்தாதீங்க, மாடல்ல மாத்துங்க"ன்னு வர்ற மாதிரி டெம்ப்ளேட் மாத்தினோம், அவங்களுக்கு மாத்த வேண்டிய நம்பரை எல்லாம் தனி ஃபைலா பிரிச்சுக் குடுத்துட்டோம். இதுல தப்பு பாதி எங்க மேலயும் தான், அவங்க மாத்தற மாதிரி வழி நாங்க முன்னாடியே வெச்சிருக்கணும்.

டீமா வேலை செய்யறப்ப தான் நெஜமான எரிச்சல். மாடல் ஃபைல் எஸ்எல்எக்ஸ், அது உள்ளுக்குள்ள ஒரு ஜிப், கிட்ல (ஃபைல்ல யாரு எதை மாத்துனாங்கன்னு பதிவு வெக்கற டூல்) போட்டா வரிக்கு வரி வித்தியாசம் காட்டாது. ரெண்டு பேரு ஒரே மாடலை மாத்திட்டா சாதாரண மெர்ஜ் கெடையாது, சிமுலிங்க்கோட கம்பேர் டூலைத் தெறந்து டப்பா டப்பாவா பாத்து சேக்கணும், டப்பாவை சும்மா நகத்தி வெச்சிருந்தா அதுவும் ஒரு மாத்தமா வந்து நிக்கும். எங்க வழி, பெரிய மாடலை சின்ன சின்ன மாடலா ஒடைச்சு தனித்தனி ஃபைலா வெச்சுக்கறது, ஒரு ஃபைலுக்கு ஒரு ஆளு. இன்னொண்ணு வெர்ஷன். வருஷத்துக்கு ரெண்டு ரிலீஸ் வரும், புதுசுல சேவ் பண்ணது பழசுல தெறக்காது, பழைய வெர்ஷனுக்கு எக்ஸ்போர்ட் பண்ணலாம், இருந்தாலும் தலைவலி. நாங்க ஒரு ப்ராடக்ட் மார்க்கெட்ல இருக்கற வரைக்கும் அதுக்கு ஒரே வெர்ஷன் தான்னு முடிவு பண்ணிட்டோம். அப்புறம் படம்ங்கறதால தானா புரிஞ்சுடும்னு நெனைக்காதீங்க, கோடு குறுக்க மறுக்க போயி, சேவை புழிஞ்ச மாதிரி இருக்கற மாடலை நான் பாத்திருக்கேன், என் பழைய சி கோடே அதுக்குத் தேவலாம். ஒரு லெவல் ஒரு ஏ4 தாள்ல கண்ணாடி இல்லாம படிக்கற மாதிரி இருக்கணும், சிக்னல் எடது பக்கம் இருந்து வலது பக்கம் போகணும், இதுக்குன்னே எம்ஏபி கைட்லைன்ஸ்னு படம் வரையற விதிகள் இருக்கு, அதை மாடல் அட்வைசர்லயே செக் பண்ணலாம்.

விலை. இது தான் நெறைய பேரைத் தடுக்குது. ஒரே சாமான் இல்ல, மேட்லேப், சிமுலிங்க், ஸ்டேட்ஃப்ளோ, மேட்லேப் கோடர், சிமுலிங்க் கோடர், எம்பெடட் கோடர்னு ஒவ்வொண்ணா வாங்கணும், கோட் எடுக்கறதுக்கு மட்டும் கடைசி மூணும் வேணும், டெஸ்ட், கவரேஜ் எல்லாம் அதுக்கு மேல. சின்ன கம்பெனிக்கு இது ஒரு மெஷின் வாங்கற மாதிரி முடிவு. ஸ்டார்ட்அப்புக்குன்னு தனி ப்ரோக்ராம் வெச்சிருக்காங்க, தகுதி இருந்தா கண்டிப்பா கேளுங்க. எங்களுக்கு ரெண்டு சீட் தான், எட்டு பேர்ல ரெண்டு பேரு தான் வரைய முடியும், மத்தவங்க ப்ரிண்ட்லயும் ரிப்போர்ட்லயும் பாக்கறாங்க.

காசு இல்லாம கத்துக்கணும்னா சைலாப் இருக்கு, அதோட எக்ஸ்காஸ் இதே மாதிரி டப்பா இழுத்து வெக்கறது தான், முழுசும் ஃப்ரீ, ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் ட்யூட்டோரியல்ல சைலாப்புக்குத் தமிழ்லயே பாடம் இருக்கு. சிமுலேஷன், கன்ட்ரோல் தியரி கத்துக்க தாராளமா போதும், ஆனா ப்ராடக்ட்ல வெக்கற தரத்துல கோட் எடுக்கறதுக்கு அதை நம்பி நான் எறங்க மாட்டேன். கார் பக்கம் டிஸ்பேஸோட டார்கெட்லிங்க், விமானம் பக்கம் ஸ்கேட் எல்லாம் இருக்கு, அதுங்களும் பெரிய பட்ஜெட் சாமான் தான். ஒரு ரிலே ஆன் ஆஃப் பண்ற பம்பு ஸ்டார்ட்டருக்கோ எல்இடி போர்டுக்கோ இது எதுவுமே தேவையில்ல, கைல நூறு வரி சி எழுதிட்டுப் போங்க. கன்ட்ரோல் லூப் இருக்கு, பழுது வந்தா ஆளுக்கு அடிபடும், அஞ்சு வருஷம் அந்தக் கோடைப் பராமரிக்கணும், அப்படின்னா யோசிங்க. டூ வீலர் பக்கம் இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு, வண்டியோட எலக்ட்ரானிக்ஸ் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262ல 2018 பதிப்புல இருந்து மோட்டார் சைக்கிளுக்குன்னு 12ஆவது பாகம் சேத்திருக்காங்க, பெரிய வண்டிக் கம்பெனிங்க சப்ளையர்கிட்ட எந்தத் தேவைக்கு எந்த டெஸ்ட்னு ஆதாரம் கேட்டா மாடல்ல இருந்து அதைக் காட்டறது கைக்கோட்ல இருந்து காட்டறதை விட ரொம்ப சுலபம்.

மொத்தத்துல 5க்கு 4 குடுப்பேன், அந்த ஒண்ணு மெர்ஜுக்கும் விலைக்கும் சேத்துப் போச்சு. ஆரம்பிக்கறவங்க மொதல்ல சிமுலிங்க் ஆன்ரேம்ப்னு ஃப்ரீ கோர்ஸ் இருக்கு, ப்ரவுசர்லயே சில மணி நேரத்துல முடிச்சுடலாம், ஸ்டேட்ஃப்ளோவுக்கும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு, ரெண்டையும் முடிங்க. காலேஜ்ல இருந்தா உங்க காலேஜ்கிட்ட கேம்பஸ் லைசன்ஸ் இருக்கான்னு டிபார்ட்மென்ட்ல கேளுங்க, இருந்தும் தெரியாமயே நாலு வருஷம் முடிச்சுட்டு வர்ற பசங்களை இன்டர்வியூல நெறைய பாக்கறேன். கைல ஒரு நியூக்ளியோ போர்டும் ஒரு த்ராட்டிலும் இருந்தா போதும், நாலு ஸ்டேட் வரைஞ்சு போர்டுல ஏத்தி, ஓடிட்டு இருக்கும்போதே கருப்பு வயரைப் புடுங்கிப் பாருங்க. பழுது டப்பா நீலமா எரியணும்.